பேச்சியம்மாவின் அட்டையில் போன புத்தகம்

2025 யூன் 5, வியாழன்

கிளிநொச்சியில் இருந்து புத்தகப் பெட்டி வந்தது. ஒன்பது மாதமாகக் கடிதம் எழுதி எழுதி, முப்பத்தொரு புத்தகம். அடியில் கிடந்தது ‘நிழல் விழாதவன்’ இரண்டாம் பாகம். நூலகர் பரமலிங்கம் சேர் காண முதல் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். பதிவேட்டில் ஏற்றாத புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போவது பிழை. தெரியும். இந்த நூலகத்தில் சேர்ந்து நாலு வருசத்தில் நான் செய்த முதல் களவு.

எனக்கு இருபத்தெட்டு வயது. இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று எழுதின பேய்க் காதல் கதை. அதுவும் தெரியும்.

யூன் 8, ஞாயிறு

முடித்துவிட்டேன். கண் எரிகிறது.

முதல் பாகத்தில் தாரிணி மலைநாட்டில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் படிக்க வருகிறாள். குளக்கரையில் ஒரு பெடியன் நிற்கிறான், அகரன். நல்ல வெயிலிலும் அவனுக்கு நிழல் விழாது. எழுபது வருசத்துக்கு முதல் அந்தக் குளத்தில் தாண்டு செத்தவன். அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான். அதோடு நிறுத்திவிட்டு எங்களை ஒரு வருசம் காக்க வைத்தார்கள்.

இரண்டாம் பாகத்தில் அவன் குளத்தை விட்டு வெளியே வரலாம். ஆனால் தாரிணி தன் நிழலை அவனுக்கு இரவல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிற நிழல் கொஞ்சம் குறைந்து வரும். அவள் அதை ஒருத்தருக்கும் சொல்வதில்லை. சிநேகிதி நவிதான் கண்டுபிடிக்கிறாள்.

எனக்குப் பிடித்த இடம் தேத்தண்ணிக் கடை. நவியின் கண்ணுக்கு அகரன் தெரியமாட்டான், அவன் குரலும் கேட்காது. வெறும் கதிரையைப் பார்த்துச் சண்டை பிடிக்கிறாள். அவனும் விடுகிறானில்லை. நடுவில் தாரிணி இருந்து இவன் சொன்னதை அவளுக்கும் அவள் சொன்னதை இவனுக்கும் சொல்லவேண்டும் — இரண்டு பக்கத்து வசவையும் வெட்டிவிட்டுச் சொல்கிறாள். “அவர் உன்னைச் சுகம் விசாரிச்சவராம்.” நான் தனிய இருந்து சிரித்தேன்.

முப்பத்தோராம் அத்தியாயத்தில் அவளுடைய நிழலில் முழங்கால் வரைக்கும்தான் மிச்சம். அவன் கூப்பிடுகிறான், அவள் வீட்டை விட்டு இறங்குகிறாள். கடைசியில், குளத்தடியில், அகரனே எல்லாவற்றையும் அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு “போ” என்று அனுப்பிவிட்டுத் தண்ணீருக்குள் போகிறான். அழுதேன். அம்மா குசினியில் இருந்து “என்னடி, ஆர் செத்தது?” என்றா.

“எழுவது வருசத்துக்கு முதலே செத்தவன் அம்மா.”

அம்மா திரும்பத் தேங்காய் துருவத் தொடங்கினா. பழகிவிட்டா.

யூன் 11, புதன்

பதிவேட்டில் ஏற்றி அடுக்கில் வைத்தேன். நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வர, இல்லை. சேர் கொடுத்திருக்கிறார். நூலக அட்டையில் பெயர் பேச்சியம்மா. குளத்துக்கு அங்காலே, கடைசிக் குடியேற்றத்து விலாசம். ஆர் வந்தது என்று கேட்டேன். “ஒரு பிள்ளை. நான் வடிவாப் பாக்கேல்ல” என்றார்.

யூன் 20, வெள்ளி

புத்தகம் திரும்பி வந்தது. எனக்கு முதல் அறைக்கு வந்த சேர் மேசையில் எடுத்து வைத்திருந்தார்.

ஓரமெல்லாம் பென்சிலால் எழுத்து. நூலகப் புத்தகத்தில் எழுதினால் அட்டையை நிறுத்துவோம். நான் அழிறப்பரை எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். முதலாவதை வாசித்துவிட்டு வைத்துவிட்டேன்.

தேத்தண்ணிக் கடைப் பக்கத்தில்: “நவிக்குப் பொறாமை. தனக்கு ஒருத்தரும் இல்லையெண்டு.”

அகரன் தாரிணியின் தலைமயிரில் இருந்து வாகைப் பூவை எடுக்கிற இடத்தில்: “ஐயோ கடவுளே.”

எனக்கும் அந்த இடத்தில் அதேதான் தோன்றியது, அதே சொல்லில். இந்த ஊரில் இந்தப் புத்தகத்தைப் பற்றிக் கதைக்க எனக்கு ஒரு ஆளும் இல்லை. எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு இடத்தில் அகரன் “உன்னை என்னைப்போல் ஒருத்தரும் பார்க்கவில்லை” என்கிறான். பக்கத்தில்: “இவரும் இதைத்தான் சொல்லுறவர்.”

இவர். அப்போ கலியாணம் கட்டினவள். புதுசாக் கட்டின பெண்ணாக இருக்கும், மாமியின் அட்டையில் எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

யூன் 22, ஞாயிறு

நானும் எழுதினேன்.

நவியின் பக்கத்தில் — “பொறாமை இல்லை. பயம்.” வாகைப் பூவுக்குக் கீழே — “எனக்கும்!” இப்படிப் பதினைந்து இருபது இடம். எழுதும்போது பள்ளிக்கூடத்தில் கொப்பி மாற்றி எழுதுகிற மாதிரி ஒரு சந்தோசம். முப்பத்தோராம் அத்தியாயத்தில், தாரிணி வாசல் படலையில் கை வைத்துக்கொண்டு யோசிக்கிற இடத்தில், புத்தகம் எடுத்தவள் எழுதியிருந்தாள்: “போகலாமோ?” நான் கீழே எழுதினேன்: “அவன் கூப்பிட்டால் போ. யோசிக்காதே.”

தாரிணிக்குத்தான் எழுதினேன். முடிவு தெரிந்த தைரியத்தில் எழுதினது.

யூன் 24, செவ்வாய்

புத்தகம் அதே அட்டையில் போய்விட்டது. நான் பின்னறையில் பேப்பர் கட்டிக்கொண்டு இருந்தபோது. எட்டிப் பார்க்க, சைக்கிள் மட்டும் தெரிந்தது, வளைவில் திரும்பிக்கொண்டு. மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. ரோட்டுப் புழுதியில் ஆளின் முகம் தெரியவில்லை.

யூலை 4, வெள்ளி

சரியில்லை. ஏதோ சரியில்லை.

புத்தகம் வந்தது. என் எழுத்துகளுக்குக் கீழே அவளின் பதில்கள். முதலில் சிரித்துக்கொண்டுதான் வாசித்தேன். பிறகு —

அகரன் கண்ணாடியில் தெரியமாட்டான் என்கிற பக்கத்தில்: “இவரும் படம் அனுப்பமாட்டார் அக்கா. வீடியோவிலயும் வரமாட்டார். குரல் மட்டும்தான். அது போதும் எனக்கு.”

“எங்களைப் பற்றி யாரிடமும் சொல்லாதே” என்கிற வரிக்குக் கீழே கோடு. பக்கத்தில்: “நானும் சொல்லேல்ல. உங்களுக்கு மட்டும்.”

இன்னொரு இடத்தில்: “போன் வாங்கித் தந்தவர். அம்மாவுக்குத் தெரியாது.”

அம்மாவுக்கு. மாமிக்கு இல்லை.

முப்பத்தோராம் அத்தியாயம். “அவன் கூப்பிட்டால் போ. யோசிக்காதே” என்று நான் எழுதினதற்குக் கீழே, அவசரமில்லாமல், அழகான எழுத்தில்:

“சரி அக்கா. 18 வெள்ளி, வவுனியா. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் ஒரிஜினல் எடுத்து வரச் சொன்னவர். நீங்கள் எழுதினதைப் பாத்துத்தான் முடிவெடுத்தனான்.”

யூலை 5, சனி

போனேன். குளக்கட்டால் சைக்கிளில் முக்கால் மணி. யானை வேலி விழுந்து கிடக்கிறது, குளக்கட்டில் புதிய யானை லத்தி. ஒரு மனிதரையும் காணவில்லை.

பேச்சியம்மா கச்சான் கடலைத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போயிருந்தா. எண்பத்துமூன்று கலவரத்தில் மலையகத்தில் இருந்து ஓடிவந்த குடும்பம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். புருசன் இல்லை. ஒரே பிள்ளை, கஜேந்தினி. பதினேழு வயது. உயர்தர வகுப்பு.

அவள் கிணற்றடியில் நின்று வெள்ளைச் சட்டை தோய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. முகம் பூவாக விரிந்தது. அதுதான் என்னை இப்போதும் என்னவோ செய்கிறது. தன்னைப் பார்க்க நவி வந்தது மாதிரிச் சந்தோசப்பட்டாள்.

“ஆர் அந்தப் பெடியன்?” என்றேன்.

பூ சுருங்கிவிட்டது. “ஒருத்தருமில்லை அக்கா. சும்மா. கதைக்கு எழுதினது.”

“அடையாள அட்டை கேட்டது?”

“அதுவும் கதைதான்.” பிறகு, சட்டையைப் பிழிந்துகொண்டே: “மதுசன் எண்டு பேர். நல்லவர் அக்கா. நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.”

“நீ கண்டனியோ?”

“தாரிணியும் முதல்ல குரல்தானே கேட்டவள்.”

புத்தகம் என் கூடையில் இருந்தது. அவள் கண்டாள். “தாங்கோ அக்கா, முடிவை வாசிக்காம வைச்சிருக்கிறன்” என்று கேட்டாள். கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தை வாசித்தாள் என்றால் விளங்கும் என்று நினைத்தேன். அவன் திருப்பி அனுப்புகிறான், உண்மையாய் விரும்புகிறவன் அனுப்பிவிடுவான் — அதை நான் என் வாயால் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? கதையின் முடிவைச் சொல்லிக் கெடுக்கக்கூடாது என்று. அப்படி ஒரு மடைச்சி நான்.

யூலை 8, செவ்வாய்

சேருக்குச் சொன்னேன், நான் எழுதினதையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“புத்தகம் வந்த உடன எல்லாத்தையும் றப்பரால அழியும். நூலகத்தால இப்பிடி நடந்ததெண்டு கதை வந்தா, தாய் தகப்பன் ஒருத்தரும் பொம்பிளைப் பிள்ளையளை இஞ்சால அனுப்பமாட்டினம்.”

“பிள்ளை போயிட்டா என்ன செய்யிறது சேர்?”

“தாய்க்குச் சொல்லும். எழுதினதைச் சொல்லாதையும்.”

யூலை 9, புதன்

தாய்க்குச் சொன்னேன், எழுதினதையும். தோட்டத்து வரம்பில் நின்று. பேச்சியம்மாவுக்கு என் அம்மாவின் வயதுதான் இருக்கும், பத்து வயது கூடத் தெரிகிறது.

“எம்புள்ள கிட்ட போனே இல்லீங்களே மிஸ்” என்றா முதலில். பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டா. “அந்தப் பொஸ்தகம் என்னா பொஸ்தகம்? நான்தான் அட்டைக்கு ஒப்பம் வச்சேன். படிக்கிற புள்ளைன்னு.”

பேய்க் காதல் கதை என்றேன்.

பிரதேச செயலகத்தில் சிறுவர் விசயம் பார்க்கிற உத்தியோகத்தருக்கும் போன் எடுத்தேன். அவா நிதானமாகக் கேட்டு எல்லாம் எழுதினா. 18ஆம் தேதி காலமை தானே வீட்டுக்கு வாறதாகவும், அதுவரைக்கும் பிள்ளையைத் தனிய விட வேண்டாம் என்றும் சொன்னா.

வீட்டில் அம்மா: “உனக்கேன் பிள்ளை தேவையில்லாத வேலை? அந்தச் சனத்தின்ர பிரச்சினைக்குள்ள.” அந்தச் சனம் என்கிறா. நான் சாப்பிடாமல் எழும்பிவிட்டேன்.

யூலை 12, சனி

பேச்சியம்மா வீட்டை முழுக்கக் கிளறியிருக்கிறா. போன் கிடைக்கவில்லை. பிள்ளை சாமிப் படத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணினாளாம். தாய்க்கு அரைவாசி நம்பிக்கை வந்துவிட்டது. எனக்கு ஒரு வீதமும் இல்லை.

யூலை 15, செவ்வாய்

அவள் வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு, யூனிபோமோடு. நேரே என் மேசைக்கு.

“அம்மாவுக்கு ஏன் சொன்னீங்கள்?”

“கஜேந்தினி, இரும்.”

“நீங்கள்தானே போ எண்டு எழுதினீங்கள்.” சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “எனக்கு ஆரும் ஒண்டும் சொல்லித் தாறேல்ல அக்கா. நீங்கள் மட்டும்தான் பதில் எழுதினீங்கள்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். தாரிணிக்கு எழுதினது என்றேன், உமக்கில்லை என்றேன். அவள் தலையை ஆட்டினாள், ஏதோ சின்னப் பிள்ளைக்கு ஆட்டுகிற மாதிரி. “சரி அக்கா. நான் போகேல்ல. பயப்பிடாதேங்கோ.” புத்தகத்தைக் கேட்டேன். வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டு வாறன் என்றாள்.

அவ்வளவு லேசாகச் சொன்னாள். போகாத ஆள் அப்படிச் சொல்லமாட்டாள்.

யூலை 16, புதன்

புத்தகம் வரவில்லை. இன்னும் இரண்டு நாள்.

பின்னேரம் குளத்துப் பக்கம் யானை கலைக்கிற வெடி கேட்டது. ஒன்று, பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை.

யூலை 17, வியாழன்

பஸ்ஸுக்குள் இருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. ஏதாவது செய்யாவிட்டால் விசர் பிடித்துவிடும்.

பதினொன்று இருபதுக்கு நூலகத்துப் போன் அடித்தது. “அக்கா” — அவ்வளவுதான், பிறகு மூச்சு மட்டும். பிறகு விட்டுவிட்டுச் சொன்னாள். மதுசன் தேதியை மாத்திப்போட்டான். வெள்ளி இல்லை, இண்டைக்கு. இவள் பள்ளிக்கூடம் எண்டு தாய்க்குச் சொல்லிட்டு வெளிக்கிட்டவள். நாங்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமையைக் காவல் காத்துக்கொண்டு இருந்தம்.

எங்க நிக்கிறாய் என்று கேட்டேன். வவுனியா, பஸ் நிலையத்துக்குக் கிட்ட, போட்டோக்கொப்பிக் கடை. ஆரின்ர போன்? கடைக்கார அக்காவின்ர. என்ர போனை அவா வாங்கிட்டா. எவா? அழுகிறாள். கடைக்காரரிட்ட குடு என்றேன்.

தர்மிளா என்று பெயர். குரல் உறுதியாக இருந்தது. “பிள்ளையை உள்ளுக்கு இருத்திட்டன். ரோட்டுக்கு அங்கால ஒரு வான் நிக்குது. ஒரு பொம்பிளை இறங்கி நிண்டு இஞ்ச பாக்கிறா. நீங்கள் வாங்கோ. நான் பொலிசுக்குச் சொல்லுறன்.”

பேச்சியம்மா பக்கத்தில் இருக்கிறா, தோட்டத்து உடுப்போடு. கை முழுக்க மண். நெடுங்கேணி தாண்டின பிறகு ஒரே ஒரு தரம் வாய் திறந்தா: “எம்புள்ளைக்கு ஒங்க போன் நம்பர் எப்புடித் தெரிஞ்சுச்சு?” புத்தகத்தின் முதல் பக்கத்தில் நூலகத்து முத்திரை இருக்கிறது, அதில் இலக்கம் இருக்கிறது என்றேன். அவா அதை விளங்கிக்கொள்ளக் கனநேரம் எடுத்தா.

ஓமந்தை. பஸ் நிற்கிறது. ஏன் நிற்கிறது? ஆக்கள் ஏறுகிறார்கள். ஒரு ஆள் சைக்கிளை ஏற்றுகிறான். ஏற்று. கெதியா ஏற்றடா.

யூலை 18, வெள்ளி

இருக்கிறாள். வீட்டில், தாயின் பாயில். நித்திரை.

நாங்கள் போக முதல் வான் போய்விட்டது. தர்மிளா வாசலிலேயே நின்றிருக்கிறா. பொலிஸ்காரர் இருவர் வந்து ரோட்டைக் கடக்க, அந்தப் பொம்பிளை ஏறி, வான் புறப்பட்டது. மண்ணிற வான், யன்னலுக்குத் திரை. இலக்கத் தகட்டில் சேறு பூசியிருந்ததாம். ஆடி வெயிலில் சேறு.

பொலிசில் கஜேந்தினி சொன்னதை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். மதுசன் வரவில்லை. மதுசனின் அக்கா என்று ஒரு பொம்பிளை வந்திருக்கிறா. நல்ல சேலை, சிரித்த முகம். தம்பி கொழும்பில் காத்துக்கொண்டு நிற்கிறான், ஏறம்மா என்றாவாம். இவள் ஏறி இருந்திருக்கிறாள்.

“பிறகு ஏன் பிள்ளை இறங்கினீர்?” என்று பொலிஸ் பொம்பிளை கேட்டா.

“என்ர பேரைக் கேக்கேல்ல” என்றாள். “அடையாள அட்டையைத்தான் முதல்ல கேட்டவா. அதைப் பாத்துட்டுத்தான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவா. பிழையாக் கூப்பிட்டவா. அவர் என்னைப் பற்றி அவாக்கு ஒண்டுமே சொல்லேல்ல எண்டு விளங்கிச்சு.”

வயிற்றுக்குள் குத்துகிறது, கடையில் ஒரு சாமான் வாங்க வேணும் என்று சொல்லி இறங்கியிருக்கிறாள். புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. அதை மட்டும் அந்தப் பொம்பிளை வாங்கவில்லை.

பிறகு சொன்னது: வானுக்குள் பின் சீற்றில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி நித்திரை. மற்றவள் முழித்துக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டு இருந்தாளாம். “நான் இறங்கேக்க அவள் என்ர சட்டையைப் பிடிச்சவள். நான் இழுத்துட்டு இறங்கினனான்.”



யூலை 24, வியாழன்

பொலிசில் இருந்து அழைத்தார்கள். மதுசனின் போன் இலக்கம் நிறுத்திக் கிடக்கிறது. பதிவு, எப்போதோ செத்துப்போன ஒரு கிழவரின் பெயரில். இரண்டு பிள்ளைகளையும் காணவில்லை என்று ஒருத்தரும் இன்னும் வந்து முறையிடவில்லையாம். அதெப்படி? இரண்டு வீட்டிலும் ஒருத்தரும் தேடவில்லையா? அல்லது கடிதம் எழுதி வைத்துவிட்டு, சந்தோசமாகப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களா?

புத்தகத்தைப் பொலிஸ் எடுத்துவிட்டது. என் எழுத்தும் அதற்குள் இருக்கிறது. என்னிடமும் வாக்குமூலம் எடுத்தார்கள். அழிக்கச் சொன்ன சேர் என்னோடு வந்து, வெளியில் மர வாங்கில் நாலு மணித்தியாலம் குந்தியிருந்தார்.

ஓகஸ்ட் 2, சனி

காலமை கதவு திறக்க, வாசலில் பேச்சியம்மாவும் கஜேந்தினியும்.

“வேலைக்குப் போவணும் மிஸ். தனியா வீட்டுல விட்டுட்டுப் போவ மனசு வரல. இங்க ஒக்காரட்டும்.” என்னை மன்னித்துவிட்டாவா என்று முகத்தில் தெரியவில்லை. வேறு வழி இல்லை என்பது தெரிந்தது.

அவள் யன்னலோர மேசையில் பின்னேரம் வரைக்கும் இருந்தாள். பேப்பரைக் கூடப் புரட்டவில்லை. நான் தேத்தண்ணி வைத்தேன். ஆறிப்போனது.

ஓகஸ்ட் 9, சனி

தேத்தண்ணி குடித்தாள்.

ஓகஸ்ட் 16, சனி

மூன்றாவது சனி. கணக்குக் கொப்பியோடு வந்தாள். மத்தியானம் வேறு ஒருத்தரும் இல்லாத நேரம், தலை நிமிராமலே கேட்டாள்.

“கடைசியில அகரன் என்ன செய்தவன்?”

“வாசிக்கேல்லையா?”

“வானுக்குள்ள வாசிப்பமெண்டு வைச்சிருந்தனான்.”

சொன்னேன், முழுக்க. குளத்தடி, முழங்கால் வரைக்கும் இருந்த நிழல், அவன் ஒவ்வொரு சாணாக அதைத் திருப்பி அவள் காலடியில் விரிக்கிறது, போ என்று சொல்கிறது. நவி மேட்டில் நின்று, அவனைக் காணாமலே, அவன் நிற்கிற பக்கம் பார்த்துக் கும்பிடுகிறது. சொல்லும்போது என் குரல் உடைந்தது. இத்தனைக்குப் பிறகும். வெட்கமாக இருந்தது.

“உங்களுக்கு இப்பவும் அவனைப் பிடிக்குமா அக்கா?”

பொய் சொல்ல நினைத்தேன். “ஓம்” என்றேன்.

“எனக்கும்” என்றாள். “நவியைத்தான் இன்னும் கூட.”

ரோட்டில் ஒரு வான் வந்து எதிர்க் கடையில் நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் எழும்பிவிட்டோம். வெள்ளை, திரை இல்லை. ஓட்டுநர் இறங்கித் தண்ணிப் போத்தல் வாங்கினார். உள்ளே ஆர் இருக்கிறார்கள் என்று பார்க்க அவள் யன்னல் கம்பியில் முகத்தை வைத்தாள். நான் இந்தக் கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஏற்கெனவே பதினாறு வான் இலக்கங்கள், என் எழுத்தில்.

அவள் திரும்பி அதைப் பார்த்தாள். மறுபடி யன்னல் பக்கம் திரும்பி, வெளியே நின்ற வானின் இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாக, நான் எழுதி முடிக்கிற வேகத்துக்கு, வாசித்தாள்.